சட்டையில் நீலம்

மூக்குக்கண்ணாடியில் நிறம் தெரிகிறது என்று யார் கடைக்கு வந்தாலும், முதலில் அதை வாங்கி வெள்ளைத்தாளின் மேல் வைத்துப் பார்ப்பேன். இசக்கிராஜின் கண்ணாடியையும் அப்படித்தான் வைத்தேன். தாள் வெள்ளையாகவே இருந்தது. திருப்பிக் கொடுத்ததும் மாட்டிக்கொண்டார்.

"மக ஸ்கூல் சட்டை மட்டும்தான் மேடம் லேசா நீலமா தெரியுது. சொட்டு நீலத்தக் கொட்டித் தொவைக்கிறான்னு பொண்டாட்டியோட தினமும் சண்டை."

மகள் வான்மதி நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். என் கண்ணாடி வழியாகவும் அவள் சட்டை நீலமாகத்தான் தெரிந்தது. முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது.

ஊரில் எல்லோரும் போட்டிருப்பது இந்த இதக்கண்ணாடிதான். பார்க்கப் பிடிக்காத எதையும் சரிசெய்து காட்டும்: குப்பைமேட்டை, முகப்பருவை, அழுதழுது வீங்கிய கண்களை. நான்தான் விற்கிறேன். மஞ்சளை மறைக்க வேண்டுமென்றால் அது நீலத்தைக் கலக்கும். பக்கத்தில் இருக்கும் வெள்ளைத்துணியிலும் அந்த நீலம் கொஞ்சம் ஏறிவிடும்.

என் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவள் முகத்தருகே குனிந்தேன். சட்டை நல்ல வெள்ளை. கண்கள் இரண்டும் மஞ்சளாக இருந்தன.

"நீங்களும் வெறுங்கண்ணால பாருங்க சார்."

கழற்றிவிட்டுப் பார்த்தவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சோறே எறங்கலன்னு போன வாரம் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனேனே மேடம். கண்ண இழுத்துப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னுட்டாரு."

"அவர் கண்ணாடி போட்டிருந்தாரா?"

"ஆமா. உங்க கடையில வாங்குனதுன்னு சொன்னாரு."