பிரிக்காத புத்தகம்

"யாரைக் கேட்டு பிளாஸ்டிக் உறையைக் கிழிச்சே?" என்று கத்தினார் கணவர்.

"நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"புகைப்படப் புத்தகம் சேர்க்கிறவன் உறையைப் பிரிக்கவே மாட்டான். பிரிச்சா மதிப்பு போச்சு!"

"பிரிக்காமலேயா 'ஒவ்வொரு வீட்டிலும் இருக்கவேண்டிய புத்தகம்'னு பத்திரிகையில எழுதினீங்க?"

"அட்டையைப் பார்த்தாலே எனக்குத் தெரிஞ்சிடும்!"

"உங்க பேச்சை நம்பி என் தம்பியும் வாங்கித் தொலைச்சிட்டான். காலையில போன் பண்ணி, 'நாற்பதாம் பக்கத்தைப் பாரு அக்கா'ன்னான்."

கணவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எல்லாம் தெருவுல எடுத்த படம்தானே? அதுல என்ன?"

மனைவி புத்தகத்தை அவர் முன் விரித்தாள். மழை கொட்டும் பேருந்து நிறுத்தத்தில் ஒரே குடைக்குள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

"குடை நான் வாங்கிக் கொடுத்தது. பிடிச்சிருக்கிறது நீங்க. உங்க தோள்ல சாய்ஞ்சிருக்கிறது யாருங்க?"