பூசைக்கு வந்த கார்

கோயில் சரிவில் மூக்கு கீழ்நோக்கி நின்ற அந்தப் பழைய காருக்குக் கைபிரேக் நெடுநேரம் பிடிக்காது என்பது சற்குணம் ஒருவருக்குத்தான் தெரியும். பதினோரு வருடமாக எங்கே நிறுத்தினாலும், இறங்கிப் போய்ச் சக்கரத்துக்கு ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்தவர் அவர். தினகரன் கார் பார்க்க வந்த அன்று காலையில்தான் அந்தச் செங்கல்லை டிக்கியிலிருந்து எடுத்து வேலியோரம் போட்டார்.

"வித்தவரும் கூட நிக்கணும் சார், அதுதான் ராசி" என்று தினகரனே அவரைப் பூசைக்கு அழைத்திருந்தான்.

பூசாரி நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்துவிட்டுச் சூடம் ஏற்றினார். முன்சக்கரத்தடியில் எலுமிச்சை மெல்லப் பிதுங்குவதைச் சற்குணம் பார்த்தார். இப்போதே சொல்லிவிடலாம். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பானே. ஒரே எட்டில் காருக்கு முன்னால் போய், இரண்டு உள்ளங்கைகளையும் பானெட்டில் பதித்துக் குனிந்துகொண்டார். பாரம் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது.

"பாவங்க, பிரிய மனசே வரல அவருக்கு" என்றாள் தினகரனின் மனைவி ஹேமா. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சார், அப்படியே இருங்க, ஒரு போட்டோ" என்று தினகரன் போனை எடுத்தான்.

சற்குணத்தின் வெறுங்கால்கள் மண்ணில் ஒரு விரற்கடை வழுக்கின. எலுமிச்சை வாசனை குப்பென்று எழுந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் ஹேமா தன் இரண்டு வயது மகளைத் தூக்கி வந்து, பம்பருக்கு முன்னால், அவர் காலடியில் இறக்கிவிட்டாள்.

"ஓடிருவா சார். ஒரு கையால பிடிச்சுக்கங்க."