போக இரண்டு, வர ஏழு

பதினொன்று தாண்டியும் மகனிடமிருந்து போன் வரவில்லை.

டிக்கெட்டில் அப்படித்தான் போட்டிருந்தது. திருச்சியில் காலை ஒன்பதுக்கு ஏறினால் தோஹாவில் பதினொன்றுக்கு இறக்கம். லீவில் வந்தபோது மகன் அங்கே இரண்டுக்கு ஏறியவன், இங்கே ஒன்பதுக்குத்தான் இறங்கினான்.

போக இரண்டு மணி நேரம். வர ஏழு.

அவருக்கு அதில் வியப்பொன்றும் இல்லை. ஆயுசெல்லாம் மார்க்கெட்டில் மூட்டை சுமந்தவர். இறக்கத்தில் கால் தானாக ஓடும். ஏற்றத்தில்தான் மூச்சு வாங்கும்.

இப்போது சும்மா உட்கார்ந்திருந்தாலே வாங்குகிறது. நெஞ்சில் மூன்று அடைப்பு. அறுத்துச் சரிசெய்ய இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

காலையில் ஏர்போர்ட் வாசலில் மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "ஒண்ணுன்னா ஒரு போன் போடச் சொல்லுங்கப்பா. ஓடியாந்துடுறேன்."

அந்த 'ஒண்ணு' எதுவென்று இருவருக்கும் தெரியும். கொள்ளி வைக்க அவன் ஒருத்தன்தான்.

"போனு என்ன முட்டையா, இப்படி அடைகாக்குறீங்க? சாப்பிடுங்கப்பா."

மகள் கோகிலா. அடுத்த தெருவில்தான் வாக்கப்பட்டிருக்கிறாள். தினமும் வந்து சோறு வடித்து, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் போவாள்.

ஒன்றரைக்குப் போன் அடித்தது.

"இறங்கிட்டேம்பா."

"பதினொண்ணுக்கே இறங்க வேண்டியவன்தானடா? வழியில பஞ்சரா?"

மகன் சிரித்தான். "இங்க இப்பத்தாம்பா பதினொண்ணு தாண்டுது. ஊருக்கு ஊரு கடியாரம் வேற. போனாலும் நாலரை மணி நேரம், வந்தாலும் நாலரை மணி நேரம்."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதாம்பா. கிட்டத்தான்."

போனை மடியில் வைத்துக்கொண்டார்.

நாலரை மணி நேரம்.

அவன் அம்மா செத்தபோதும் அதே நாலரை மணி நேரம்தான் இருந்திருக்கும். கம்பெனி லீவு கொடுத்து, பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்து, அவன் வாசலில் வந்து நின்றது நாலாம் நாள்.

ஐஸ் பெட்டியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். அதற்கு மேல் முடியவில்லை. பங்காளி வீட்டுப் பையன் இடது தோளில் தண்ணீர்க் குடம் சுமந்து, அவளை மூன்று சுற்றுச் சுற்றிக் கொள்ளி வைத்தான். அவள் பேரைக்கூட அவன் கேட்டுத்தான் தெரிந்துகொண்டான்.

கோகிலா தெருமுனையோடு நின்றுவிட்டாள். பொம்பளைகள் அதைத் தாண்டிப் போவதில்லை.

தெருக்குழாயில் தண்ணீர் வந்தது.

கோகிலா குடத்தை நிரப்பினாள். குடம் அலசி ஊற்றிய தண்ணீரை மிதித்தபடி, எப்போதும்போல இடுப்பில் ஏற்றினாள்.

அவர் வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா."

நின்றாள்.

"இடுப்புல வேணாம். தோள்ல வச்சுப் பாரு."

"எதுக்கு? உங்கள மாதிரி நானும் மூட்டை தூக்கப் போறேனா?"

சிரித்துக்கொண்டே திரும்பியவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

சிரிப்பு நின்றது.

இரண்டு கையாலும் குடத்தைத் தூக்கி வலது தோளில் வைத்தாள்.

"அது இல்ல," என்றார். "இடது."

மாற்றினாள். தண்ணீர் தளும்பி முதுகில் வழிந்தது.