எந்தப் பில்டர்?

தர்மபுரத்தில் வாகனம் திருத்தும் கராச்சில் வீரகத்தியின் உழவு மெசின் பிரிந்து கிடந்தது.

"பிஸ்ரனை மண் அராவிப்போட்டுது அண்ணை. எஞ்சின் காத்து இழுக்கிற வாயிலை எந்தப் பில்டர் போட்டனீங்கள்?" என்றார் மெக்கானிக்.

"பஞ்சு பில்டர். எண்ணெய் பில்டர்தான் எங்கடை புழுதிக்குச் சரியெண்டு நீங்கள் சொன்னனீங்கள். நான்தான் கேக்கேல்லை," என்றார் வீரகத்தி.

பக்கத்தில் நின்ற மரியநேசன் தலை குனிந்தார். இடம்பெயர்ந்து வந்து வீரகத்தியின் வளவில் கொட்டில் போட்டிருப்பவர். மெசினை ஓட்டுவதும் துடைப்பதும் அவர்தான்.

மெக்கானிக் பில்டர் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை.

"பஞ்சையே காணேல்லை! ஆர் எடுத்தது?"

"கழுவ எடுத்தனான். திருப்பிப் போட மறந்துபோனன்," என்றார் வீரகத்தி அவசரமாக.

"அரசாங்கத்தின்ரை பொருளாதாரத் தடையாலை ஒரு சாமானும் உள்ளை வராது. இந்தப் போகம் உழவை மறந்திடுங்கோ."

இருவரும் வீதிக்கு வந்தார்கள்.

"ஏன் அண்ணை பொய் சொன்னீங்கள்? கழட்டினது நான்."

"தெரியும். காலமை உம்மடை கொட்டிலிலை பஞ்சைக் கண்டனான். ஏன் கழட்டினனீர்?"

லொறி ஒன்று செம்புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அது அடங்கியதும் மரியநேசன் சொன்னார்.

"மெசின் தாராளமா மூச்சு விட்டு நல்லா இழுக்கட்டும் எண்டுதான் அண்ணை. உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முல்லைத்தீவிலை சின்ன வயசிலையிருந்து வள்ளத்து எஞ்சினோடைதான் கிடந்தனான். அதுக்குப் பில்டரே இல்லை."

முகத்துப் புழுதியைத் துடைத்துக்கொண்டார்.

"கடலிலை ஏது அண்ணை தூசி?"