மயில் துடைத்த இசைத்தட்டு

சிரிப்பு நிச்சயம் உண்டு. ஆனால் மயில் தட்டைத் துடைத்து முடிக்கும்வரை பொறுக்க வேண்டும்.

பாதித் தோகையை விற்று ஒரு ரெக்கார்ட் பிளேயர் வாங்கியிருந்தது மயில். மலிவான பிளேயர் மாதிரியேதான் அதுவும் பாடுகிறது என்று ஆந்தை பத்திரிகையில் எழுதிவிட்டது.

"ஆந்தைக்குக் காது அடைப்பு! ஒசத்தி வயரா மாத்திட்டுக் கேக்கச் சொல்லு!" என்று குதித்தது மயில்.

"நமக்கெதுக்கு அண்ணே ஆந்தை? நீங்க போடுங்க, நான் கேக்கறேன்," என்றது மைனா.

மயில் இசைத்தட்டை எடுத்துப் பட்டுத்துணியால் துடைத்தது. ஊதியது. மறுபடி துடைத்தது. பொறுமையிழந்த மைனா ஸ்பீக்கருக்குப் பின்னால் போய், பழைய பாடகர் குரலில் ஒரு பாட்டை உருக்கமாக இழுத்தது.

மயில் கண்களை மூடிக்கொண்டது. "ஆகா, என்ன ஆழம்! மலிவு பிளேயர்ல இது வருமாடா?"

"சத்தியமா வராது அண்ணே," என்றது ஸ்பீக்கர்.

மயில் கண்ணைத் திறந்தது. தட்டு இன்னும் அதன் இறக்கையிலேயே இருந்தது.