உட்காரச் சொன்னவள்

“என்ன தபால்காரரே, மூலையெல்லாம் அப்படியே கிடக்கு. தண்ணியைக் காட்டிட்டு வந்துட்டா துடைச்சதா ஆயிடுமா?”

வீடில்லாதவர்கள் தங்குகிற விடுதி அது. வார்டன் அம்மாவின் குரல் கூடத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது. கிழவர் ஒரு காலத்தில் தபால்காரர். வீங்கின காலை இழுத்துக்கொண்டு, மாப்போடு மறுபடி மூலைக்குப் போனார்.

தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பகல் முழுக்க மிஷின் மிதித்துவிட்டு, சாயங்காலம் இங்கே சும்மா பரிமாற வருகிறவள். இடுப்பு ஒடிகிறது. ஆனாலும் மனசு கேட்க வேண்டாமா?

“இத்தனை பேர் காலை நீட்டிப் படுத்திருக்காங்க. இவர் மட்டும் என்ன பாவம் பண்ணினார், வார்டனம்மா?”

“உங்க வேலையை நீங்க பாருங்க.”

ராட்சசி என்று வாய்க்குள் முனகிக்கொண்டாள்.

அன்றைக்கென்று பார்த்து மேலாபீசிலிருந்து அதிகாரி வந்துவிட்டார். வார்டன் அம்மா வாசலுக்கு ஓடினாள். இதுதான் சமயம் என்று தையல்காரி மாப்பைப் பிடுங்கினாள்.

“குடுங்கய்யா. போய்க் கட்டில்ல உட்காருங்க.”

“வேண்டாம்மா. இன்னிக்கு வேண்டவே வேண்டாம்.”

“அந்தம்மா திட்டினா நான் பார்த்துக்கறேன். காலைப் பாருங்க, பூசணிக்கா மாதிரி இருக்கு.”

விடாப்பிடியாக உட்கார வைத்துவிட்டுத் தானே துடைக்க ஆரம்பித்தாள்.

அதிகாரி கட்டில் கட்டிலாக வந்தார். “எப்ப வந்தீங்க?” எல்லாரிடமும் இதே கேள்விதான். ஒரு மாசம் தாண்டியிருந்தால் மறுநாள் காலையில் கிளம்ப வேண்டும். விடுதியில் அப்படித்தான் சட்டம். ஏற்கெனவே ஒருத்தன் பையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

“இவர்?”

“வேலையாள் சார். கூட்டித் துடைக்கறவர். இங்கயே தங்கிக்கறார்,” வார்டன் அம்மா முந்திக்கொண்டாள்.

“வேலையாள் உட்கார்ந்திருக்கார், பரிமாற வந்தவங்க துடைக்கறாங்களா?”

“சரியான சோம்பேறி சார். எழுந்திருங்க தபால்காரரே, என்ன சொகுசு வேண்டிக்கிடக்கு?”

தையல்காரி பொங்கிவிட்டாள்.

“யார் சார் வேலையாள்? இவரும் போக்கிடம் இல்லாம வந்தவர்தான். போன வருஷத்துலேர்ந்து நானே பார்க்கறேன். முடியாத மனுஷன்கிட்ட இந்தம்மா மாடு மாதிரி வேலை வாங்கறாங்க.”

தபால்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவரும் காலையிலிருந்து விடுதி விடுதியாக அலைந்த களைப்பில் இருந்தார்.

“இத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டீங்களேம்மா. இனிமே காதுல விழாத மாதிரி நான் எப்படிப் போறது?” என்றார். “காலைல இந்தக் கட்டில் காலியாகணும்.”

அவர் போன பிறகுதான் தையல்காரிக்கு உறைத்தது.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, வார்டனம்மா.”

“சொன்னா விஷயம் வெளியில போகும். அப்புறம் ஆளாளுக்கு வந்து மாப் கேட்பாங்க. இருக்கறது ஒண்ணுதான்.”

“அதுக்காக வயசானவரை இப்படியா திட்டறது?”

“மரியாதையா கெஞ்சிக்கிட்டிருந்தா வேலையாள்னு யார் நம்புவா?”

தையல்காரிக்கு அழுகை வந்தது. இருந்தாலும் மனசு ஆறவில்லை.

“அந்தக் காலை வெச்சுக்கிட்டு இவ்வளவு பெரிய கூடத்தைத் துடைக்க விட்டீங்களே.”

வார்டன் அம்மாவுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“அவரால எங்கேம்மா துடைக்க முடியும்? தினமும் அவர் தூங்கின பிறகு நான்தான் துடைக்கிறேன்.”