வெள்ளைக் கொடிப் பக்கம்

"கோட்டைச்சாமி மாமாதான் கெடுத்துட்டாரு. வேற யாரு செய்வா?"

கார்த்திக்ராஜ் கத்தினான். வாய்க்கால் கரை மேல நின்ன மொத்தத் தெருவும் அவரைத் திரும்பிப் பார்த்துச்சு.

விஷயம் இதுதான். கரைக்குக் கீழதான் எங்க தெரு. கரை வெறும் மணல், போன மழையில பாதி சரிஞ்சுருச்சு. மார்க்கையன்கோட்டையிலயிருந்து ரோஸ்லின் அக்கா டிரம்மோட வந்துச்சு. காலேஜ்ல ஆராய்ச்சி பண்ணுது. ஒரு டிரம்ல பாக்டீரியா, இன்னொண்ணுல யூரியாவும் கால்சியம் உப்பும் கரைச்ச தண்ணி. ரெண்டையும் மாத்தி மாத்தி ஊத்தினா மணலுக்கு நடுவுல சுண்ணாம்பு படிஞ்சு மண்ணு கல்லாயிருமாம்.

நான் நம்பல. டப்பாவுல கெட்டிப்படுத்தின மணலைக் கையில குடுத்துச்சு. கீழ போட்டேன். டொக்குன்னு விழுந்துச்சு, உடையல. அதோட நான் அக்கா கட்சி.

கரையில ரெண்டு துண்டு பிரிச்சாக. சிவப்புக் கொடி நட்ட இடத்துக்கு மருந்து. வெள்ளைக் கொடி நட்ட இடத்துக்கு வெறும் தண்ணி. வாய்க்கால் தண்ணி வந்ததும் சிவப்பு நிக்கணும், வெள்ளை கரையணும். அந்த வித்தியாசத்தை இன்ஜினியர் கண்ணால பார்த்தாத்தான் கரை முழுக்கச் செய்ய அனுமதி.

கோட்டைச்சாமி மாமா மட்டும் ஆரம்பத்துலயே எதிர்ப்பு. "மூத்திர நாத்தம் அடிக்குது, சோறு எறங்கல"ன்னு பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் போயிட்டாரு. நாத்தம் உண்மைதான். அதுக்காக?

இன்னைக்குத் தண்ணி வந்துச்சு. இன்ஜினியரும் வந்தாரு. தெருவே கரை மேல, கிரிக்கெட் பைனல் மாதிரி.

தண்ணி மோதுது. சிவப்பு அசையல. ஒரே விசில். வெள்ளை எப்பச் சரியும்னு எட்டி எட்டிப் பார்த்தோம்.

சரியவே இல்ல.

இன்ஜினியர் கம்பியால குத்தினாரு. டொக்.

"என்னம்மா, ரெண்டும் ஒண்ணுபோலத்தான இருக்கு? அப்பறம் எதுக்கு உன் பாக்டீரியா?"

ரோஸ்லின் அக்கா முகம் வெளுத்துப்போச்சு. "இல்ல சார், யாரோ இதுலயும் ஊத்தியிருக்காக."

அப்பத்தான் கார்த்திக்ராஜ் கத்தினான். மாமா வாளியோட அங்கன நின்னதை அவன் பார்த்திருக்கான்.

"ஆமா, நாந்தான்" என்றார் மாமா, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டே. "டிரம்ல மிச்சம் கெடந்துச்சு. இந்தப் புள்ள ஊத்துன மாதிரியே தெனமும் ஊத்துனேன்."

"உங்களுக்கு ஒரு நல்லது நடந்தாப் பொறுக்காதே" என்றேன் நான். அக்கா அழுதுருச்சு.

இன்ஜினியர் மட்டும் திரும்பவும் கம்பியால குத்திக்கிட்டு இருந்தாரு.

"இருங்க, இருங்க. இந்தப் பெரியவர் வாளியில ஊத்தியா இப்படிக் கெட்டியாச்சு?"

"ஆமா சார்" என்றது அக்கா, மூக்கை உறிஞ்சிக்கிட்டு.

"யாரு ஊத்துனாலும் மணலு கல்லாகுதுன்னா வேற என்னம்மா சாட்சி வேணும்? கரை முழுக்கச் செய்யலாம். நான் எழுதுறேன்."

அவ்வளவுதான். தெரு குதிக்குது. கார்த்திக்ராஜ் ஓடிப்போய் மாமாவைக் கட்டிப் பிடிச்சான். "பெரிய ஆளுய்யா நீரு. பாக்டீரியா ஜெயிக்கணும்னுதான ரகசியமா ஊத்துனீரு?"

"பாக்டீரியாவும் மண்ணாங்கட்டியும். கைய எடுலே."

"பின்ன எதுக்கு மாமா?" என்றேன். "வெள்ளை கரைஞ்சா உங்களுக்கு என்ன நட்டம்?"

மாமா கரைக்குக் கீழ தெருப் பக்கம் கையைக் காட்டினாரு. வெள்ளைக் கொடிக்கு நேர் கீழ ஒரு தகரக் கூரை. இடுப்பு ஒடிஞ்சு படுக்கையில கெடக்குற மலையம்மா அத்தை வீடு.

"கரை எப்பச் சரியும்னு பார்க்க எல்லாரும் மேல ஏறி வந்தீகளே, அவளை ஒருத்தராச்சும் தூக்கிட்டு வந்தீகளா?"